திறப்பைப் போட முன்: முப்பது வருடம் நின்ற மொறிஸ் மைனரை மீள இயக்குதல்

கரவெட்டியில் பெரியம்மாவின் வளவில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பத்தி இருக்கிறது. அதற்குள் 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று 1996 இலிருந்து நின்றது. மேலே படங்கு விரித்து, முன்னால் கிடுகு சாத்தி, பக்கங்களில் விறகு அடுக்கியிருந்ததால் தெரியாதவர்களுக்கு அது விறகுப் பத்திதான். பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அது விக்கிறதுக்கில்லை."

கார் பெரியப்பாவின் பெயரில் இருந்தது. ஆனால் அதைக் கழுவியதும் கழற்றியதும் பூட்டியதும் அவர்களுடைய மூத்த மகன். எனக்கு அண்ணா. 1996 யூலையில் ஒரு நாள் காலை சைக்கிளில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு 23 வயது. எனக்கு 6. அந்த மாதத்தோடு காரும் நின்றது. பெரியப்பா சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

கடந்த மாரியில் பத்தியின் தகரம் ஒன்று கழன்று காரின் கூரையில் விழுந்தது. கனடாவில் இருக்கும் இளைய மகன், "இனியும் வைச்சிருந்தா உக்கித்தான் போகும், வித்துவிடுங்கோ அம்மா" என்றார். பெரியம்மா இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நீ உந்தக் கமெரா எல்லாம் கழட்டிப் பூட்டுறனிதானே பிள்ளை. உதை ஒருக்கா ஓட வைக்கேலுமோ எண்டு வந்து பார்."

ஊடகக் கற்கை படித்து, செய்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு அதுவரை ஸ்கூட்டியின் பிளக் கழற்றத்தான் தெரியும். நெல்லியடியில் ஒரு காலத்தில் கராஜ் வைத்திருந்த, எழுபது வயது கடந்த மெக்கானிக் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கதிரையில் இருந்து சொல்லித்தந்தார். கழற்றியதும் பூட்டியதும் நான். நான்கு மாதத்தில் கற்றவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். வடக்கில் இன்னும் எத்தனையோ வளவுகளில் இப்படிக் கார்கள் நிற்கின்றன. அவற்றை எடுக்க நினைப்பவர்கள் முதல் நாளிலேயே எஞ்சினைக் கெடுத்துவிடாமல் இருக்க இது உதவலாம்.

இந்த எஞ்சினைப் பற்றி

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தியானது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுதான். 1952 முதல் 1956 வரை வந்த 'சீரிஸ் 2' வகைக்கு, ஒஸ்ரின் ஏ30 காருக்காகச் செய்யப்பட்ட 803 சீசீ எஞ்சின் போடப்பட்டது. இதை 'ஏ சீரிஸ்' எஞ்சின் என்பார்கள். முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தால், அது 1956 இற்கு முந்திய மைனர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

இதே எஞ்சின் குடும்பத்தை 948 சீசீ ஆக்கி 1958 இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட் என்ற விளையாட்டுக் காருக்குப் போட்டார்கள். 1961 இல் எம்.ஜி. மிட்ஜெற் வந்தது. 1959 இல் வந்த மினிக்கும் இதே குடும்பம்தான். பழைய மினி 2000 ஆம் ஆண்டு வரை இதோடுதான் ஓடியது. ஆகவே கீழே சொல்லும் எஞ்சின் வேலைகளில் பெரும்பகுதி அந்தக் கார்களுக்கும் பொருந்தும். கஸ்கெற், பொயின்ற், றப்பர் போன்ற உதிரிப்பாகங்கள் இன்னும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைப்பதற்கும் இதுதான் காரணம். 803 சீசீக்கு மட்டுமே உரிய சில பாகங்கள் அரிது. அவற்றைக் கழற்றும்போது உடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் காரின் இலக்கத்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் உள்ளன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகடுகளில் ஏறியதும், அதற்கு எதிராக வடக்கு கிழக்கில் தார் பூசும் போராட்டம் நடந்ததும் மூத்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கார் அதற்கு முந்தியது.

மண்ணெண்ணெய்க் காலம் எஞ்சினுக்குச் செய்தது

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் யாழ்ப்பாணத்தில் தங்கம் மாதிரி ஆனது. ஏ40, ஏ30, கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோனதும், பொம்பிளை மாப்பிள்ளையைக் கொண்டுபோனதும் அந்தக் கார்கள்தான்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் துளித்துளியாகவே நிற்கும்; பொறி பட்டாலும் பற்றாது. அதனால் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, சேலைன் குழாயால் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது வாகன உலகுக்குப் புதிதல்ல. பேர்குசன் உழவு இயந்திரங்களில் ரி.ஈ.டி.20 என்ற வகை, பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடான பின் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் மைனர் எஞ்சின் அப்படிச் செய்யப்படவில்லை. அதன் அமுக்க விகிதம் 7.2:1 என்ற அளவில் குறைவாக இருந்ததால் தாக்குப்பிடித்தது. இக்காலக் கார்களில் அது 10 அளவில் இருக்கும்.

தாக்குப்பிடித்தாலும் மூன்று விதமான சேதம் உண்டு. முதலாவது, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை மெல்லிசாக்கும், பெயாரிங் தேயும். இரண்டாவது, வால்வு, றிங், பிளக் எல்லாவற்றிலும் கரி படியும். மூன்றாவது, மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சினைத் தட்டும். அதைத் தவிர்க்க ரைமிங்கைப் பிந்த வைப்பார்கள்; அப்படி வைத்தால் எஞ்சின் கூடச் சூடாகும். எனவே இடப்பெயர்வுக் காலத்தோடு நிறுத்தப்பட்ட கார் ஒன்றை எடுக்கிறவர், அது மண்ணெண்ணெயில் ஓடியது என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

எங்கள் கார் கடைசியாக ஓடிய நீண்ட பயணம் எனக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழை. கொக்குவிலில் இருந்து நாவற்குழி நோக்கி. சனத்தோடு சனமாக நடை வேகத்தில் போனதால் எஞ்சின் சூடு ஏறாமல் பிளக் கரி பிடித்துத் திரும்பத் திரும்ப நின்றது. உள்ளே அப்பாச்சியும் நானும் இன்னும் மூன்று சிறுவர்களும். அண்ணாவும் பெரியப்பாவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று கார் ஏன் நின்றது என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

முதல் விதி: ஸ்ராட் பண்ணிப் பார்க்காதீர்கள்

முதல் நாள் ஐயா சொன்ன முதல் வார்த்தை, "திறப்பைத் தொடாதை பிள்ளை." பற்றரியைக் கொண்டுவந்து கொழுவி, ஓடுகிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். நீண்டகாலம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். றிங்கும் வால்வும் ஒட்டியிருக்கும். ஸ்ராட்டரின் பலத்தோடு சுற்றினால் எது இறுகியிருக்கிறதோ அது உடையும்.

எஞ்சினுக்கு முன் இடத்தைப் பாருங்கள். பத்திக்குள் பாம்பு, குளவி, எலி இருக்கும். எலி வயரைத் தின்றிருக்கும். எக்ஸோஸ்ற் குழாய்க்குள் கூடு கட்டியிருக்கும். சண்டை நடந்த இடங்களில், ஆட்கள் இல்லாமல் கிடந்த வளவுகளில், காருக்குள்ளோ அடியிலோ இனந்தெரியாத உலோகப் பொருள் எது கண்டாலும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். விலகி நின்று பொலிஸுக்கு 119 இல் அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வடக்கில் இன்னும் வேலை செய்கின்றன.

பிறகு படம் எடுங்கள். ஒரு வயரைக் கழற்ற முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். கழற்றிய ஆணிகளைத் தனித்தனி ஜாம் போத்தலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். காரைத் தூக்கினால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தாங்குகட்டை வைத்த பின்தான் போக வேண்டும். மைனரின் அடித்தளத்தில், ஜக் பொருத்தும் இடங்களைச் சுற்றித்தான் முதலில் துரு தின்னும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை ஒட்டுவேலை செய்யாமல் தூக்கக் கூடாது.

பின் பெட்டிக்குள் ஆயுதப் பை இருந்தது. ஸ்பானர், பிளக் சாவி இவற்றுக்கு நடுவில் பொலித்தீனில் சுற்றிய 80 பக்கக் கொப்பி ஒன்று. அண்ணாவின் எழுத்து. திகதி போட்டு, செய்த வேலை, ஊற்றிய எண்ணெய், போன இடம் எல்லாம் குறித்திருந்தார். அதைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றி, திரும்ப என்னிடமே தந்தார். "உனக்குத்தான் தேவைப்படும்."

எஞ்சின்

நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் சம அளவில் கலந்து, ஒவ்வொரு துளைக்கும் இரண்டு மேசைக்கரண்டி விட்டோம். ஒரு கிழமை அப்படியே விட்டு, இடையில் இரண்டு முறை மீண்டும் விட்டோம்.

பழைய மைனரை முன்பக்கமிருந்து கையால் சுற்றுவதற்கு ஹான்டில் உண்டு. நான் செய்த முதல் பிழை இதில்தான். ஐயா வராத ஒரு நாள், மேல் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஹான்டிலைப் போட்டு முழுப் பலத்தோடு சுற்றினேன். கொஞ்சம் சுற்றியது, பிறகு 'டக்' என்று நின்றது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு கரியில் ஒட்டியிருந்திருக்கிறது. அதைத் தள்ளும் புஷ்றொட் வளைந்துவிட்டது. ஐயா ஏசவில்லை. வளைந்த கம்பியை என் கையில் தந்து, "இதைத் தொலைக்காமல் வைச்சிரு" என்று மட்டும் சொன்னார்.

சரியான ஒழுங்கு இதுதான். முதலில் மேல் மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வால்வு ஸ்பிறிங்கிலும் எண்ணெய் விடுங்கள். கியரை நியூற்றலில் வைத்து ஹான்டிலை மெல்ல, கால்சுற்றாகத் திருப்பிக்கொண்டு எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

அடுத்தது ஒயில். இந்த எஞ்சினுக்கு நான்கு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவை. எங்கள் எஞ்சினில் இருந்து நாலரை லீற்றருக்கு மேல் வந்தது. தண்ணீர் மாதிரி ஓடியது, மண்ணெண்ணெய் மணத்தது. அண்ணாவின் கொப்பியில் கடைசியாக இருந்த குறிப்பு, "ஒயில் மெல்லிசாப் போச்சு. மாத்த வேணும்." அதற்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த ஒயிலைத்தான் நாங்கள் மாற்றினோம்.

வடித்ததோடு விடாமல் கீழ்த்தட்டையும் கழற்றி உள்ளே படிந்த சேற்றை வழித்தெடுங்கள். அது ஒயில் பம்பின் வலையை அடைத்தால் புது ஒயில் விட்டும் பயனில்லை. பின்பு 20டபிள்யூ-50 ஒயிலும் புது பில்ரரும் போட்டோம்.

பிறகு அமுக்கச் சோதனை. பிளக் துளையில் மானியைப் பொருத்தி எஞ்சினைச் சுற்றி, நான்கு சிலிண்டரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 100, 95, 60, 95. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் குறை றிங்கில். ஏறாவிட்டால் வால்வில் அல்லது கஸ்கெற்றில். எங்களுடையது ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, வால்வுகளை அரைத்து, புதுக் கஸ்கெற்றோடு பூட்டினோம். வால்வு இடைவெளி 0.30 மில்லிமீற்றர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். இப்போது விற்கும் பெற்றோலில் ஈயம் இல்லை. பழைய ஹெட்டின் வால்வு இருக்கைகள் அதனால் மெல்லத் தேயும். மெதுவாக ஓட்டுவதில் உடனே கெடாது. ஆனால் இந்த இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

எரிபொருள்

தாங்கியில் இருப்பதை நம்பாதீர்கள். பெற்றோல் என்றால் வற்றிப் பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெய் என்றால் அடியில் தண்ணீரும் துருவும் இருக்கும். தாங்கியைக் கழற்றி, கைப்பிடியளவு சிறு சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். வெறும் தாங்கிக்குள் இருக்கும் ஆவி நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது. அதற்கு ஒருபோதும் வெல்டிங் தீ காட்டக் கூடாது.

றப்பர்க் குழாய்கள் எல்லாம் புதிது போட வேண்டும். மைனரின் எரிபொருள் பம் மின்னில் இயங்குவது. சுவிச்சைப் போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது காற்று இழுக்கிறது. எஸ்.யூ. காபரேற்றருக்குள் பிஸ்ரன் ஒன்று ஏறி இறங்கும். விரலால் உயர்த்தி விட்டால் 'டொக்' என்று விழ வேண்டும். அதன் மேல் மூடிக்குள் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட வேண்டும். எங்கள் காபரேற்றரின் வாயில் சேலைன் குழாய் நுழைத்த துளை இன்னும் இருந்தது. அதை அடைக்காவிட்டால் காற்றுக் கூடி எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

மின்

புதியவர்கள் கட்டாயம் பிழை விடும் இடம் இது. இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டப்படும். இன்றைய கார்களில் எதிர்முனை. பழக்கத்தில் மாறிக் கொழுவாதீர்கள். பற்றரி 12 வோல்ற். பழைய வயரின் துணி உறை உதிர்ந்திருந்தால் அந்த வயரை மாற்றுங்கள். நாடா சுற்றி ஓட்டினால் தீப்பிடிக்கும்.

பொயின்றை மெல்லிய அரத்தாளால் துடைத்து இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.64 மில்லிமீற்றர் வைத்தோம். கொண்டென்சரைப் புதிதாகப் போடுவது நல்லது. வெடிப்பு ஒழுங்கு 1, 3, 4, 2.

ரைமிங் வைக்கப் போனபோது, டிஸ்ரிபியூட்டரின் கழுத்தில் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று ஆழம், மற்றது மெல்லியது. ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மெல்லியது பெற்றோலுக்கு, ஆழமானது மண்ணெண்ணெய்க்கு. பெற்றோல் கிடைத்த நாளில் ஒன்றுக்கும், கிடைக்காத நாளில் மற்றதுக்கும் ஸ்பானர் ஒன்றால் திருப்பி வைத்திருக்கிறார் அண்ணா. நாங்கள் மெல்லிய கோட்டுக்குத் திருப்பினோம். மானி வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ சரியாகவே இருந்தது. துரு தட்டும்போது அந்தக் கழுத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு விட்டோம். உங்கள் காரிலும் இப்படிக் கோடுகள் இருக்கலாம். என்னவென்று அறியாமல் அரத்தாள் போடாதீர்கள்.

தண்ணீரும் ரயரும்

றேடியேற்றரையும் எஞ்சினின் நீர்வழியையும், தண்ணீர் போகும் திசைக்கு எதிராகக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உள்ளே வெள்ளையாகப் படிந்து வழியை அடைத்திருக்கும். கழுவிய பின் கூலன்ற் கலந்த நல்ல தண்ணீர் விடுங்கள்.

ரயரில் பூ இருந்தாலும் முப்பது வருட ரயர் ரயரல்ல. மைனருக்கு 14 அங்குலம். முன் சில்லைத் தாங்கும் திரள்மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பது இந்தக் காரில் உயிர்க் காரியம். அவை தேய்ந்தால் முன் சில்லு ஓடும்போதே மடிந்து விழும். ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஓட்ட வேண்டாம்.

பிறேக்: இதில் மட்டும் சமாளிக்கக் கூடாது

எஞ்சின் ஓடாவிட்டால் கார் நிற்கும், அவ்வளவுதான். பிறேக் பிடிக்காவிட்டால் ஆள் போகும். இந்தக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் எண்ணெய் விடும் துளை தெரியும். கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளே அரிக்கும். தடைக்காலத்தில் பிறேக் எண்ணெய் கிடைக்காமல் கிடைத்ததை விட்டு ஓட்டிய கார்களும் இருந்தன என்று ஐயா சொன்னார். எனவே எல்லா றப்பர்களையும் நெளிகுழாய்களையும் மாற்றினோம். அரித்த சிலிண்டர்களுக்குப் பதிலாகப் புதியவை எடுத்தோம். பிறேக் றப்பரைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவாதீர்கள், ஊதிப் பழுதாகும்.

பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதவோ தட்டவோ கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். இறுதிப் பரிசோதனையைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். நான் பூட்டிய நான்கு சில்லில் ஒன்றை ஐயா திரும்பக் கழற்ற வைத்தார். ஸ்பிறிங்கை மாறிப் போட்டிருந்தேன்.

முதல் ஸ்ராட்

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. பிளக் இல்லாமல் ஸ்ராட்டரில் சுற்றி, ஒயில் விளக்கு அணையும் வரை பார்த்தோம். அணையாவிட்டால் மேலே போகக் கூடாது. பிறகு பிளக் பூட்டி, ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் பக்கத்தில் வைத்து, காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம். பத்திக்குள் ஸ்ராட் பண்ணினால் புகை ஆளைக் கொல்லும்.

முதல் மூன்று தரம் ஒன்றுமில்லை. நான்காம் தரம் இருமியது. ஐந்தாம் தரம் பிடித்தது. எக்ஸோஸ்றில் இருந்து முதலில் எலிக்கூடு பறந்தது. பிறகு வெள்ளைப் புகை, பிறகு நீலம். சிலிண்டருக்குள் விட்ட ஒயில் எரியும்வரை அப்படித்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் குறைந்தது. பெரியம்மா திண்ணையிலேயே இருந்தார். எழும்பி வரவில்லை. நிறுத்தின பிறகு, "சத்தம் அதுதான்" என்றார்.

முதல் ஓட்டத்தைப் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஹெட் ஆணிகளை எஞ்சின் ஆறிய பின் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியையும் பாருங்கள். நூறு கிலோமீற்றருக்குள் ஒயிலைத் திரும்ப மாற்றுங்கள்.

வீதிக்கு வர முன்

ஓடுகிறது என்பதற்காக வீதியில் இறக்க முடியாது. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் தேவை. பல வருடம் புதுப்பிக்காத வாகனத்துக்கு என்ன நடைமுறை என்பதை முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் பெயர் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செய்ய வேண்டும். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் எஞ்சின் இலக்கத்தையும் அடித்தள இலக்கத்தையும் துரு துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். யார் வாங்க வந்தாலும் அந்த இலக்கங்களையும் பத்திரங்களையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் கார் இப்போதைக்கு வளவுக்குள்தான் ஓடுகிறது. பெரியப்பாவின் பெயரிலிருந்து மாற்றும் வேலை நடக்கிறது. யாருடைய பெயருக்கு என்று கேட்டபோது பெரியம்மா தன்னுடைய பெயருக்கு என்றார். "அவன் வந்து கேட்டா நான் காட்ட வேணும்."

கடைசியாக ஒன்று. சேலைன் குழாயால் கார் ஓட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எந்தக் கோடு எதற்கு என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் கதிரை போட்டு இருத்திக் கேட்டு எழுதிவையுங்கள். நான் அண்ணாவின் கொப்பியிலேயே எழுதத் தொடங்கியிருக்கிறேன். "ஒயில் மாத்த வேணும்" என்பதற்குக் கீழே திகதி போட்டு, "மாத்தியாச்சு" என்று.